ஒரு சானியா மட்டும் போதாது

1/
டேவிஸ் கோப்பைன்னு சொன்னா தமிழ்நாட்டில் ஐம்பது வயசைத் தாண்டின பலருக்கும் தெரியும். ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன்னு பேர்களை வரிசையா சொல்வாங்க. 1966, 1974, 1987 என மூணு தடவை இந்தியா இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கு.

சரி, அதே மாதிரி பெண்களுக்காக நாடுகளுக்கு இடையே நடக்கிற டென்னிஸ் கோப்பையின் பேர் என்ன?

2/
பில்லி ஜீன் கிங் கோப்பை. 2020 வரைக்கும் ஃபெட் கோப்பை.

"சுகர், பிபி, டெங்குன்னு எழுதுற டாக்டர் டென்னிஸுக்கு ஏன் வந்தார்?"னு நீங்க கேட்கலாம். இந்தக் கோப்பையில் நம்ம நாடு மேலே ஏற முடியாமல் தவிப்பதற்கான காரணங்களில் ஒண்ணு மடத்துக்குளம் மாதிரி ஊர்களின் ஓபி வரிசையில் தினமும் வந்து நிக்குது. அதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

3/
முதலில் சுருக்கமாக வரலாறு.

ஆண்களுக்கான டேவிஸ் கோப்பை 1900-ல் ஆரம்பிச்சது. பெண்களுக்கும் அப்படி ஒரு கோப்பை வேணும்னு அமெரிக்க வீராங்கனை ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மேன் 1919-லேயே கேட்டார். கிடைத்தது 1963-ல். லண்டன் குயின்ஸ் கிளப்பில் 16 நாடுகள் ஆடின. அமெரிக்கா ஆஸ்திரேலியாவை ஜெயித்தது.

ஆண்களுக்குக் கிடைத்த ஒண்ணு பெண்களுக்குக் கிடைக்க 63 வருஷம்.

4/
அந்த முதல் அமெரிக்க அணியில் 19 வயசுப் பொண்ணு ஒருத்தர் இருந்தார். அவர்தான் பில்லி ஜீன் கிங். பின்னாளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை வேணும்னு போராடியவர். 1973-ல் அமெரிக்க ஓப்பன் அதை ஏற்றது. விம்பிள்டன் ஏற்றது 2007-ல். அவர் பேரைத்தான் 2020 செப்டம்பரில் இந்தக் கோப்பைக்கு வைத்தார்கள்.

5/
இப்போ விதிமுறை. இது புரிஞ்சால்தான் நான் சொல்ல வர்றது புரியும்.

ஆசியப் பிரிவில் இரண்டு நாடுகள் மோதினால் மொத்தம் மூணு ஆட்டம். இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூணில் இரண்டு ஜெயிச்ச நாடு வெற்றி. ஒருத்தரே இரண்டு ஒற்றையரையும் ஆட முடியாது.

அதாவது உங்ககிட்ட உலகத்திலேயே சிறந்த வீராங்கனை ஒருத்தர் இருக்கலாம். ஆனால் இரண்டாவது ஆள் இல்லைன்னா அந்த நாடு ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

6/
உதாரணம் நம்ம நாடுதான்.

2015 ஏப்ரல். சானியா மிர்சா பெண்கள் இரட்டையரில் உலக நம்பர் 1 ஆகிறார். ஒற்றையரிலும் 2007-ல் 27-வது இடம் வரை போனவர். நம்பர் 1 ஆன கையோடு நேராக ஹைதராபாத் வந்து இந்தியாவுக்காக ஃபெட் கோப்பை ஆடினார்.

எந்தப் பிரிவில் தெரியுமா? ஆசிய ஓசியானியா இரண்டாம் பிரிவில். உலகின் முதல் இடத்தில் இருப்பவர், ஆசியாவின் கீழ்ப் பிரிவில் ஆடிக் கொண்டிருந்தார். அந்த வாரம் ஜெயித்துத்தான் இந்தியா முதல் பிரிவுக்கே போனது.

சானியா இருந்தார். அவருக்குப் பின்னால் ஆள் பத்தவில்லை.

7/
இன்னொண்ணு. 2025 ஏப்ரல், புனே. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்ரீவள்ளி பமிடிபாட்டி தான் ஆடின 5 ஒற்றையர் ஆட்டங்களையும் ஜெயித்தார். ஆனாலும் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா 1-2 எனத் தோற்றது. அவர் தன் ஆட்டத்தை ஜெயித்தார், மற்ற இரண்டும் போச்சு.

8/
எப்போ மேலே போனோம்னும் பார்க்கணும்.

2020 மார்ச், துபாய். கடைசி நாளில் இந்தோனேசியாவோடு மோதல். முதல் ஆட்டத்தில் ருதுஜா போசலே தோற்றார். அடுத்த ஒற்றையரில் அங்கிதா ரெய்னா ஜெயித்தார். 1-1. பிறகு இரட்டையரில் சானியாவும் அங்கிதாவும் சேர்ந்து ஜெயித்தார்கள். 1991-லிருந்து ஆடி வரும் இந்தியா முதல் முறையாக உலகப் பிரிவுக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது.

அதே சானியாதான். ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் அங்கிதா இருந்தார்.

9/
2021 ஏப்ரலில் லாட்வியாவிடம் 1-3 எனத் தோற்றோம். 2025-ல் மறுபடி பிளே-ஆஃப் வந்தது. நவம்பரில் பெங்களூரில், சொந்த மண்ணில், ஸ்லோவேனியாவோடும் நெதர்லாந்தோடும் ஆடினோம். அப்பவும் மேலே போக முடியவில்லை.

ஸ்லோவேனியாவின் மொத்த மக்கள்தொகை சுமார் 21 லட்சம். நம்ம திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கிலேயே சுமார் 24.8 லட்சம்.

நம்ம மாவட்டத்தை விடச் சின்ன நாட்டுக்கு இரண்டாவது, மூணாவது வீராங்கனைகள் கிடைக்கிறாங்க. 140 கோடி பேர் இருக்கிற நமக்கு ஏன் பஞ்சம்?

10/
"டென்னிஸ் பணக்காரங்க ஆட்டம் சார்"னு உடனே சொல்வீங்க. பாதி உண்மை. ராக்கெட், பந்து, கோச், வெளிநாட்டுப் பயணம் எல்லாமே செலவுதான். மடத்துக்குளத்தில் டென்னிஸ் மைதானம் கட்டுங்கன்னு நான் கேட்கப் போறதும் இல்லை.

ஆனால் கபடி பணக்காரங்க ஆட்டமா? வாலிபால்? கோ-கோ? எறிபந்து? அதிலும் எட்டாம் வகுப்புக்கு மேலே எத்தனை பொண்ணுங்க மைதானத்தில் இருக்காங்கன்னு உங்க ஊர்ப் பள்ளியில் போய் எண்ணிப் பாருங்க.

11/
நம்ம கொங்கு மண்ணில் திறமை இல்லாமல் இல்லை.

கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை ஜெயித்தார். ஓப்பன் காலகட்டத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஒற்றையர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சானியாவுக்கு முன்னாடி, நம்ம பக்கத்து ஊர்ப் பொண்ணு. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

12/
2025 பிப்ரவரியில் அதே கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் ரேவதி, 15 வயசில், மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பித்து அரையிறுதி வரைக்கும் வந்தார்.

15 வயசு. அந்த வயசில் நம்ம ஊர்ப் பொண்ணுங்க பலர் ஓடுறதையே நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் பேச வந்தது அதைத்தான்.

13/
ஓபியில் அடிக்கடி கேட்கிற கோரிக்கை இது.

"டாக்டருங்க, பாப்பா வயசுக்கு வந்து மூணு மாசம் ஆச்சுங்க. பிடி பீரியட்ல ஓடச் சொல்றாங்களாமா. வேண்டாம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க."

"ஏனுங்கம்மா, பாப்பாவுக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க. இனி எதுக்குங்க ஓட்டமெல்லாம்?"

பாப்பா பக்கத்தில் தலையைக் குனிஞ்சு நிக்கும். அதுகிட்ட யாரும் கேட்கிறதில்லை.

14/
அந்த அம்மாக்கள் மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்களுக்கும் அதே வயசில் அதேதான் நடந்திருக்கும். பயத்தில்தான் கேட்கிறாங்க. அந்தப் பயங்களுக்கு ஒவ்வொண்ணா மருத்துவ ரீதியாகப் பதில் சொல்றேன்.

15/
பயம் ஒண்ணு: "ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும், பின்னாடி குழந்தை நிக்காது."

இல்லை. கர்ப்பப்பையை இடுப்புத் தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடிச்சிருக்கு. பள்ளிக்கூடத்தில் ஓடுறதால், குதிக்கிறதால் அது இறங்காது. குழந்தை பிறப்பதும் பாதிக்காது. கிராண்ட்ஸ்லாம் ஆடிய பெண்கள் எத்தனையோ பேர் அம்மாவாகியிருக்காங்க.

16/
பயம் இரண்டு: "மாதவிடாய் நாளில் ஆடக் கூடாது."

ஆடலாம். உடம்பு ஒத்துழைக்கிற அளவுக்கு ஆடலாம். தொடர்ந்து உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் வலி குறையவும் வாய்ப்பு இருக்கு. அன்னைக்கு முடியலைன்னா ஓய்வு எடுக்கட்டும். அது அந்தப் பொண்ணு எடுக்க வேண்டிய முடிவு. மாசத்தில் ஒரு நாள் ஓய்வு எடுப்பது வேற, வாழ்நாள் முழுக்க மைதானத்தை விட்டு வெளியே போறது வேற.

17/
பயம் மூணு: "வெயில்ல கறுத்துடுவா, யார் கட்டிக்குவாங்க?"

இதுக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. தோல் கறுக்கிறது நோய் இல்லை, அவ்வளவுதான். ஆனால் 18-20 வயசுக்குள்ள எலும்பின் பலத்தில் பெரும்பகுதி சேர்ந்து முடிஞ்சிடும். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் அறுபது வயசிலும் நடக்கணும். ஓடாமல், குதிக்காமல் அந்தச் சேமிப்பு முழுசாகச் சேராது.

18/
பயம் நாலு: "ஓடினா தலை சுத்துதுங்கறா, மூச்சு வாங்குதுங்கறா."

இது உண்மையாகக் கவனிக்க வேண்டியது. நான் முதலில் பார்ப்பது கண் இமையின் உள்பக்கம். அது வெளுத்திருந்தால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வேன்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருத்தருக்கு மேல்.

19/
இப்போ அந்த மூணு ஆட்டக் கணக்கை மறுபடி யோசிங்க. விளையாட வர வேண்டிய பொண்ணுங்களில் பாதிப் பேருக்கு ஓடுறதுக்கான ரத்தமே போதலை. ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டு போகுது. அது 12-க்குப் பதிலாக 9 இருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் பத்து நிமிஷத்தில் இளைக்கும். பிடி சார் "சோம்பேறி"ன்னு சொல்வார். அது சோம்பேறித்தனம் இல்லை, இரும்புச்சத்துக் குறைவு.

20/
இதுக்கு மருந்து விலை உயர்ந்ததும் இல்லை. அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை இலவசம். வருஷத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரையும் தர்றாங்க.

மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடணும். டீ, பால் கூடச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, ராகி, கடலை, முட்டை, முடிஞ்சால் ஈரல். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. அது இரும்பை உடம்பு உறிஞ்ச உதவும்.

21/
யார் உடனே டாக்டரைப் பார்க்கணும்?

ஓடும்போது மயங்கி விழுறவங்க, நெஞ்சு வலி வர்றவங்க. ஏழு நாளைக்கு மேல் உதிரம் போறவங்க, மணிக்கு ஒரு நாப்கின் நனையுற அளவுக்குப் போறவங்க. கடுமையாகப் பயிற்சி செய்து, மூணு மாசமாக மாதவிடாய் வராமல் இருக்கிற பொண்ணுங்க. இவங்க எல்லாம் கட்டாயம் காட்டணும்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் அதைச் சரி பண்ற வரைக்கும் ஓட்டம் வேண்டாம்னு நானே எழுதிக் கொடுப்பேன். அது ஏறினதும் திரும்பப் போகணும்னும் அதிலேயே எழுதுவேன்.

வயசுக்கு வந்ததுக்காக மட்டும் லெட்டர் கேட்டால் தர மாட்டேன்.

22/
இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும்னு நினைக்க வேண்டாம். 11 முதல் 17 வயசுப் பிள்ளைகளுக்கு தினமும் சராசரி 60 நிமிஷம் உடலுழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி உலகம் முழுக்கப் பையன்களில் 78 சதவீதமும் பெண்களில் 85 சதவீதமும் அந்த அளவை எட்டலை. பெரும்பாலான நாடுகளில் பொண்ணுங்கதான் பின்தங்கியிருக்காங்க.

23/
அடுத்து உடை. இதைச் சொல்லியே ஆகணும்.

நம்ம திருப்பூர் பெல்ட் உலகத்துக்கே பனியன் துணி தைக்குது. டி-ஷர்ட், ஷார்ட்ஸ், டிராக் பேண்ட் என வெளிநாட்டுப் பிள்ளைங்க போட்டு ஓடுற துணியை நம்ம அம்மாக்கள் டைலராக, செக்கிங்கில், பீஸ் ரேட்டில் உட்கார்ந்து தைக்கிறாங்க, பிசிறு வெட்டுறாங்க. அவங்க மகள் பிடி பீரியடில் சுடிதாரும் மேல்கோட்டும் போட்டு ஓடுது. துணி கால்ல தடுக்கும். பாதிப் பொண்ணுங்க உட்கார்ந்து விடுறதுக்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம்.

24/
பனியன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்கு இரண்டு செட் டி-ஷர்ட், டிராக் பேண்ட் தருவது கம்பெனிகளுக்குப் பெரிய விஷயமே இல்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது போல இதையும் யோசிக்கலாம். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா, சுத்தமான கழிப்பறை, நாப்கின் மாற்ற ஒரு இடம். இதெல்லாம் கிடைச்சால் மைதானத்துக்கு வர்ற பொண்ணுங்க எண்ணிக்கை கூடும்.

25/
பெண்கள் விளையாட்டை விட்டு விழுகிற இன்னொரு இடம் பிரசவம்.

சானியாவுக்கு 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் திரும்பி வந்து, வந்த முதல் போட்டியான ஹோபர்ட்டிலேயே இரட்டையர் பட்டம் ஜெயித்தார். மேலே சொன்ன துபாய் வெற்றி அதுக்கு இரண்டு மாசம் கழித்து. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ராக்கெட்டுமாக அவர் நின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீங்க. அந்த வருஷம் ஃபெட் கோப்பை ஹார்ட் விருது வாங்கின முதல் இந்தியர் ஆனார். நம்ம நிருபமாவும் மகள் பிறந்த பிறகு 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்காகத் திரும்ப வந்தவர்தான்.

26/
இந்தக் கதைகளைச் சொல்லி "சானியாவால முடியுது, உன்னால ஏன் முடியலை?"ன்னு வீட்டுப் பெண்களை யாரும் கேட்க வேண்டாம். அவருக்குப் பயிற்சியாளர் இருந்தார், குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குடும்பம் இருந்தது. பனியன் கம்பெனி வேனில் காலையில் ஏறி, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு இறங்குற பெண்ணுக்கு அதில் எதுவும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேற: அவருக்குக் கிடைத்ததில் எதை நாம் கொடுக்க முடியும்?

27/
டென்னிஸ் உலகமே இதை இப்போதான் கத்துக்கிட்டு வருது. பிரசவத்துக்குப் போய் வர்ற வீராங்கனை தன் பழைய தரவரிசையை வைத்துப் போட்டிகளில் நுழைவதற்கான விதி 2019-லிருந்துதான் வலுவாச்சு. 2025-ல்தான் டபிள்யூடிஏ 12 மாசம் வரைக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்புத் திட்டம் கொண்டு வந்தது.

நம்ம நாட்டில் சட்டப்படி, தகுதியுள்ள பெண் தொழிலாளிக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. உங்களுக்கு அது கிடைக்குதான்னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

28/
பிரசவமான தாய்மார்களுக்குச் சுருக்கமாக: சுகப்பிரசவம்னா சில நாளிலேயே மெதுவாக நடக்க ஆரம்பிக்கலாம், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் செய்யலாம். சிசேரியன்னா டாக்டர் சொல்ற வரைக்கும் பொறுங்க. ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவற விடாதீங்க. ஓட்டம், குதிப்பு எல்லாம் பொதுவாக மூணு மாசத்துக்குப் பிறகு.

இருமும்போது சிறுநீர் கசிந்தால் "புள்ளை பெத்தா இப்படித்தான்"னு விட்டுடாதீங்க. அதைச் சரி பண்ண முடியும்.

29/
"படிப்பு முக்கியம் சார், விளையாட்டு சோறு போடுமா?" இதுவும் நியாயமான கேள்விதான். நம்ம பொண்ணுங்களில் பெரும்பாலானவங்க இந்தியாவுக்கு ஆடப் போறதில்லை. அது தெரிஞ்சேதான் சொல்றேன்.

நூறு பேர் பன்னிரண்டு வயசுக்கு மேலேயும் ஓடிக்கொண்டே இருந்தால், அதில் ஒருத்தர் மாவட்ட அணிக்குப் போகலாம். மீதி 99 பேர் கெட்டியான எலும்போடும் நல்ல ரத்தத்தோடும் இருபது வயசைத் தொடுவாங்க. அவங்க கர்ப்பமாகும்போது எங்களுக்கும் பயம் குறையும். பிரசவ வார்டில் ரத்தம் குறைவான தாயைப் பார்க்கிற டாக்டருக்கும் நர்ஸுக்கும் நான் சொல்றது புரியும்.

30/
அதனால் என் கோரிக்கை இவ்வளவுதான்.

பெற்றோருக்கு: வயசுக்கு வந்ததைக் காரணம் காட்டி மகளை மைதானத்திலிருந்து கூட்டிட்டு வராதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்க.

பள்ளிகளுக்கு: பத்தாவது, பன்னிரண்டாவது என்று சொல்லி பிடி பீரியடைக் கணக்குக்கும் சயின்ஸுக்கும் எடுத்துக்காதீங்க. குறிப்பாகப் பொண்ணுங்க பீரியடை.

கம்பெனி முதலாளிகளுக்கு: உங்க ஊர்ப் பள்ளிக்குப் பத்துப் பந்தும், பொண்ணுங்களுக்கு ஓடத் தோதான துணியும் கொடுங்க.

31/
சானியா 2023-ல் ஓய்வு பெற்றுட்டார். இனி ஸ்ரீவள்ளி, மாயான்னு யார் வந்தாலும், பில்லி ஜீன் கிங் கோப்பையில் ஒருத்தரை மட்டும் நம்பி மேலே போக முடியாது. பக்கத்தில் இரண்டாவது ஆள் வேணும், மூணாவது ஆள் வேணும். அப்படி வர வேண்டியவங்களில் யாரோ ஒருத்தர் இப்போ ஏழாம் வகுப்பில் இருக்கலாம். அடுத்த வருஷமும் அவங்க ஓடணும்.

ரத்தசோகை, மாதவிடாய், பிரசவத்துக்குப் பிறகான உடற்பயிற்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. ஓபி முடிச்சுட்டு பதில் போடறேன்.


அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்
மடத்துக்குளம்